உப்புத் தண்ணீரில் சீசியம் பிடித்தல்: மென்சவ்வுக்கு எந்த வேலையைக் கொடுப்பது

தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் கொள்ளளவு கொண்டது. ஆர்.ஓ. என்பது உப்புநீரை அமுக்கத்தால் தள்ளி, நன்னீரை மட்டும் கடக்கவிடும் மென்சவ்வு முறை. மென்சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வர, மறுபக்கம் உப்பு செறிந்த நீர் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கடலுக்கே திருப்பி விடலாம். அணு உலைக் கழிவுநீரில் இந்த ஒரு வசதிதான் இல்லை. அங்கே மிச்சமே முழுப் பிரச்சினையும்.

புகுஷிமாவில் 2011 மார்ச்சில் உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீரையே பாய்ச்ச வேண்டி வந்தது. அந்த நீரில் கலந்த கதிர்த்தொழிற்பாட்டுச் சீசியத்தை முதலில் பிடித்தார்கள். பிறகு ஆர்.ஓ. மூலம் உப்பகற்றி, நல்ல நீரை மீண்டும் குளிர்விப்புக்கு அனுப்பினார்கள். கதிர்த்தொழிற்பாடுள்ள இன்னொரு உலோகமான ஸ்ட்ரொன்சியம் நிறைந்த உவர்நீர் தாங்கிகளில் சேர்ந்துகொண்டே போனது. 2013 ஆகஸ்டில் அப்படியான ஒரு தாங்கியிலிருந்து ஏறத்தாழ 300 தொன் நீர் கசிந்தது. ஆர்.ஓ. தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் உப்பையும் கதிர்த்தொழிற்பாட்டையும் ஒரே தாங்கிக்குள் சேர்த்து வைத்தது.

இந்த வழிகாட்டி சொல்லும் முறை வேறு. உப்புநீரில் சீசியத்தைத் தெரிந்தெடுக்கும் வேலையை ஒரு தூளுக்குக் கொடுக்கிறோம். ஸ்ட்ரொன்சியத்தைச் சுண்ணாம்புப் படிவோடு இறக்குகிறோம். மென்சவ்வுக்கு மிஞ்சுவது காவல் வேலை: தூளையும் படிவையும் நழுவவிடாமல் பிடித்து வைப்பது. ஆர்.ஓ. கடைசியில்தான் வருகிறது. கணக்கைப் பாருங்கள். 10,000 லீற்றர் கழிவுநீரை ஆர்.ஓ.வில் 50 சதவீத மீட்போடு ஓட்டினால் 5,000 லீற்றர் உவர்நீர் மிஞ்சும். லீற்றருக்கு அரைக் கிராம் தூள் போட்டுச் சீசியத்தைப் பிடித்தால் மிஞ்சுவது 5 கிலோ தூள்.

இது ஆய்வுகூடத்தில் மாதிரி நீரில் செய்து பார்க்கும் முறை. எந்தக் கட்டத்திலும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள் தேவையில்லை, பயன்படுத்தவும் கூடாது. இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அத்தகைய பொருளைக் கையாள முடியாது. சாதாரண, நிலையான சீசியமும் ஸ்ட்ரொன்சியமும், உலைக் கழிவில் வரும் இன்னொரு உலோகமான கோபாற்றும், இரசாயனத்தில் தம் கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளை (அதே மூலகத்தின் வேறு நிறையுள்ள அணுக்களை) போலவேதான் நடக்கின்றன. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ, புகை உறிஞ்சும் பெட்டி உள்ள நல்ல பாடசாலை ஆய்வுகூடத்திலோ இதைச் செய்யலாம். வீட்டில் வேண்டாம்.

முதலில் தண்ணீர்

10 லீற்றர் மாதிரிக் கழிவுநீர் போதும். கடல்நீரைப் பருத்தித்துறைக் கரையில் எடுக்கலாம். தொண்டைமானாறு நீரேரியிலும் எடுக்கலாம், ஆனால் அங்கே உப்பு மாதத்துக்கு மாதம் மாறும். மாரி மழைக்குப் பின் அது பாதி நன்னீர், சோளகம் வீசும் மாதங்களில் நல்ல சவர். எங்கே எடுத்தாலும் கடத்துதிறனை (நீர் மின்னைக் கடத்தும் அளவு, உப்புக் கூடினால் அதுவும் கூடும்) அளந்து எழுதிவையுங்கள். 25 பாகை செல்சியசில் முழுக் கடல்நீர் ஏறத்தாழ 53 மில்லிசீமென்ஸ்/செ.மீ. காட்டும். நமக்கு வேண்டியது லீற்றருக்கு 18 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ 29.

ஐதாக்குவதற்குக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். வலிகாமத்துக் கிணறு எதுவானாலும் சுண்ணக்கல்லிலிருந்து வரும் நீர். அதிலுள்ள கல்சியம் கணக்கைக் குழப்பும், மென்சவ்வில் படிந்தும் விடும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். எடுத்த கடல்நீரை 5 மைக்கிரோமீற்றர், பிறகு 1 மைக்கிரோமீற்றர் வடியால் ஓட்டி, ஒரு நாளுக்குள் பயன்படுத்துங்கள். வெயிலில் இரண்டு நாள் நின்றால் பாசி பிடிக்கும், அந்தப் பசை மென்சவ்வை அடைத்துவிடும்.

இனிச் சேர்க்க வேண்டியவை. 126.7 மில்லிகிராம் சீசியம் குளோரைட்டை 100 மி.லீ. நீரில் கரைத்தால் லீற்றருக்கு 1,000 மி.கி. சீசியம் உள்ள தாய்க்கரைசல் கிடைக்கும். அதில் 10 மி.லீ.யை 10 லீற்றருக்குள் விட்டால் லீற்றருக்கு 1 மி.கி. கோபாற்றுக்கு, 6 நீர் மூலக்கூறு கொண்ட கோபாற்றுக் குளோரைட்டு 403.7 மி.கி. எடுத்து அதே முறை. கோபாற்று உப்பின் தூசியைச் சுவாசிக்கக்கூடாது, கையுறை கட்டாயம்.

ஸ்ட்ரொன்சியம் சேர்க்கவே வேண்டாம். கடல்நீரில் இயற்கையாகவே லீற்றருக்கு ஏறத்தாழ 8 மி.கி. ஸ்ட்ரொன்சியம் இருக்கிறது, நமது பாதிக் கடல்நீரில் 4 மி.கி. கடல்நீர் கலந்த கழிவில் ஸ்ட்ரொன்சியம்-90 ஐ மட்டும் பொறுக்கியெடுக்க வழியில்லை. அது இந்த நிலையான ஸ்ட்ரொன்சியத்தோடு கலந்து நிற்கும், எல்லாவற்றையும் சேர்த்தே இறக்கவேண்டும். உப்புநீரில் ஸ்ட்ரொன்சியம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்குப் பாதி விடை இதுதான். மீதிப் பாதி, அதன் அச்சில் வார்த்தது போன்ற கல்சியம் ஐம்பது மடங்கு அதிகமாக அருகில் நிற்பது.

சீசியத்தின் நிலை நேர்மாறு. கடல்நீரில் அது லீற்றருக்கு 0.3 மைக்கிரோகிராம் அளவே. சீசியம்-137 இன் ஒரு கிராம் 3.2 மில்லியன் மில்லியன் பெக்கரல் (ஒரு பெக்கரல் என்பது விநாடிக்கு ஒரு அணுச் சிதைவு). ஆகவே குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் லீற்றருக்கு 10 பெக்கரல் என்பது நிறையில் ஏறத்தாழ 3 பிக்கோகிராம். ஒரு கிராமை மில்லியன் மில்லியனாகப் பிரித்தால் வரும் மூன்று துணுக்கு. பக்கத்தில் சோடியம் 5 கிராமுக்கு மேல். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஏன் துளையின் பருமனால் மட்டும் இந்தப் பிரிப்பு நடக்காது என்று விளங்கும். நாம் போடும் 1 மி.கி. உண்மைக் கழிவைவிட மிக அதிகம். சுவாலைக் கருவியால் அளக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு. மிக நுண்ணிய அளவையும் அறியும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி வசதி இருந்தால் 10 முதல் 50 மைக்கிரோகிராமுக்கு இறங்குங்கள்.

தோல்வியை முதலில் பாருங்கள்

தூள் தயாரிக்கும் முன் அரை மணித்தியாலம் செலவழித்து, இந்த நீரை நனோ வடிகட்டல் மென்சவ்வில் (ஆர்.ஓ.வைவிடச் சற்றுத் தளர்வானது) 10 முதல் 15 பார் அமுக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மாதிரி எடுத்து அளந்தால், ஸ்ட்ரொன்சியமும் கோபாற்றும் பெரும்பகுதி தடுக்கப்பட்டிருக்கும், சீசியம் கணிசமாகத் தாண்டியிருக்கும். சீசியம் பெரிய அணுதான். ஆனால் ஒற்றை ஏற்றம் கொண்டது, தன்னைச் சுற்றி நீரை இறுக்கமாகக் கட்டி வைப்பதில்லை. நீரோடு சேர்ந்த அதன் ஆரை 3.29 அங்ஸ்ட்ரம், சோடியத்துக்கு 3.58, ஸ்ட்ரொன்சியத்துக்கு 4.12. தனித்து நிற்கும்போது பெரிதான அயன் தண்ணீருக்குள் சிறிதாகிவிடுகிறது. "நனோ வடி போட்டால் எல்லாம் போய்விடும்" என்று நம்பித் திட்டம் போடுபவர்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

சீசியம் பிடிக்கும் தூள்

செப்புப் பெரோசயனைட்டு இதற்கு நல்லது. உப்பு நிறைந்த நீரிலும் சோடியத்தை விட்டுவிட்டுச் சீசியத்தைப் பிடிக்கும். அதன் பளிங்குக் கூட்டின் இடைவெளி சீசியத்துக்கு அளவாக இருக்கிறது, நீர் உடுப்பைக் கழற்றிவிட்டு அது உள்ளே போகும். பொற்றாசியம் மட்டும் ஓரளவு போட்டி போடும்.

5 நீர் மூலக்கூறு கொண்ட செப்பு சல்பேற்று (மயில்துத்தம்) 10 கிராமை 400 மி.லீ. நீரிலும், 3 நீர் மூலக்கூறு கொண்ட பொற்றாசியம் பெரோசயனைட்டு 20.3 கிராமை 480 மி.லீ. நீரிலும் தனித்தனியே கரையுங்கள். செப்புக் கரைசலைப் பெரோசயனைட்டுக்குள் சொட்டுச் சொட்டாக, அரை மணித்தியாலம் எடுத்து, கலக்கிக்கொண்டே விடுங்கள். மாற்றி ஊற்றக்கூடாது. பெரோசயனைட்டு எப்போதும் மிகையாக இருந்தால்தான் கூட்டுக்குள் பொற்றாசியம் தங்கும், பிறகு சீசியம் வந்து இடம் மாறுவது அந்தப் பொற்றாசியத்தோடுதான். செங்கபில நிற வீழ்படிவு வரும். ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

கழுவுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, நல்ல நீர் ஊற்றிக் கலக்கி, மீண்டும் அடைய விடவேண்டும். மையநீக்கி இருந்தால் வேகமாக முடியும். கழுவிய நீரில் ஒரு துளி பெரிக்குக் குளோரைட்டு விட்டால் நீலம் வருகிறதா என்று பாருங்கள். நீலம் வந்தால் இன்னும் கரைந்த பெரோசயனைட்டு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். நீலம் வராத வரைக்கும் கழுவுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால், பின்னால் இரும்பு சேர்க்கும்போது 10 லீற்றரும் நீலமாகும். அந்த நுண்ணிய பிரசிய நீலம் சீசியத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வடியில் போய் ஒட்டும்.

தூளைக் காயவைத்து அரைக்கவேண்டியதில்லை. காய்ந்ததை மறுபடி நீரில் பிரித்தெடுப்பது கடினம், அரைத்தால் மிக நுண்ணிய துகள் கூடும். குழம்பாகவே வைத்திருங்கள். 10 மி.லீ. குழம்பை 60 பாகையில் காயவைத்து நிறுத்தால் எவ்வளவு திண்மம் உள்ளது என்று தெரியும். நமக்கு 5 கிராம் போதும், இந்த அளவில் செய்தால் மிஞ்சும்.

ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: பெரோசயனைட்டோடு சூடான வலிய அமிலம் சேரக்கூடாது, ஐதரசன் சயனைட்டு வாயு வரும். மறுபக்கம், பீ.எச். 10 ஐத் தாண்டினால் இந்தத் தூள் மெல்ல மெல்லச் சிதையும், பிடித்த சீசியத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். இந்த முறையின் ஒழுங்கு முழுவதையும் தீர்மானிப்பது இந்த இரண்டு எல்லைகள்தான்.

ஏன் இரண்டு தடவை

தூளின் பிடிப்பை ஒரு எண்ணால் சொல்லலாம், பங்கீட்டுக் குணகம். தொடக்கச் செறிவை முடிவுச் செறிவால் வகுத்து, 1 ஐக் கழித்து, நீரின் கனவளவை (மி.லீ.) தூளின் நிறையால் (கிராம்) வகுத்த எண்ணால் பெருக்குங்கள். ஒரு தூளுக்கு அது 100,000 மி.லீ./கிராம் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு அரைக் கிராமை ஒரேயடியாகப் போட்டால் சீசியம் 51 மடங்கு குறையும். அதே அரைக் கிராமை இரண்டாகப் பிரித்து, முதல் கால் கிராமைப் போட்டு வடித்துவிட்டு, இரண்டாவதைப் போட்டால்? ஒவ்வொரு தடவையும் 26 மடங்கு. 26 ஐ 26 ஆல் பெருக்கினால் 676. தூள் அதே அளவு, பயன் பதின்மூன்று மடங்கு. இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு வடிகட்டல் அதிகம், அவ்வளவுதான்.

முதற் கட்டம் இப்படி. 10 லீற்றர் நீரில் 2.5 கிராம் திண்மம் உள்ள குழம்பை ஊற்றி ஒரு மணித்தியாலம் கலக்குங்கள். நீரின் பீ.எச். 7 க்கும் 8 க்கும் இடையில் இருக்கட்டும். பிறகு 6 நீர் மூலக்கூறு கொண்ட பெரிக்குக் குளோரைட்டு 484 மி.கி. கரைத்து விடுங்கள், இரும்பு லீற்றருக்கு 10 மி.கி. ஆகும். பீ.எச். இறங்கும். ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால் 8.0 முதல் 8.5 வரை ஏற்றுங்கள். இரும்பு ஐதரொட்சைட்டுத் திரள் உருவாகி நுண்தூளைக் கூட்டிச் சேர்க்கும், கோபாற்றும் அதில் ஒட்டும். 15 நிமிடம் மிக மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் திரள் உடைந்துவிடும்.

இனி மென்சவ்வு. 0.1 மைக்கிரோமீற்றர் துளையுள்ள பொள்ளிழை வடி (உள்ளே வெறுமையான நுண்குழாய் இழைகளால் ஆனது), பரப்பு 0.1 சதுர மீற்றர். உறிஞ்சு அமுக்கம் 0.2 முதல் 0.5 பார். சதுர மீற்றருக்கு மணிக்கு 40 லீற்றர் வீதம் ஓட்டினால் மணிக்கு 4 லீற்றர், 10 லீற்றருக்கு இரண்டரை மணித்தியாலம். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி பின்னோக்கிக் கழுவுங்கள். கழுவ எடுப்பது வடித்த நீரையே, வெளி நீரை அல்ல. இல்லாவிட்டால் செறிவுக் கணக்கு பிழைக்கும்.

தொடக்க அமுக்கம் இரட்டிப்பாகி, பின்கழுவலிலும் இறங்காவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்று: இரும்பு போடாமல் அல்லது குறைத்துப் போட்டதால் தனித் தூள் துளைக்குள் போய் இறுகியிருக்கிறது. ஓட்டத்தைக் கூட்டித் தள்ளப் பார்க்காதீர்கள், குறையுங்கள்.

வடி முழுமையானதா என்று தொடங்கும் முன்பே பார்க்கவேண்டும். இழையை நனைத்து, 1 பார் காற்றைக் கொடுத்து, வெளியே தொடர்ச்சியாகக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் இழை உடைந்திருக்கிறது. ஆனால் 1 பார் காற்று ஏறத்தாழ 3 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டையைத்தான் காட்டும். ஆகவே வடித்த நீரின் கலங்கலையும் அளங்கள், வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துக் கபில நிறச் சாயல் தெரிகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு கவனம் ஏனென்றால், 51 மடங்கு குறைக்கும் ஒரு கட்டத்தில் தூளில் 2 சதவீதம் நழுவினாலே, கரைந்து மிஞ்சிய சீசியத்துக்குச் சமமான அளவு தூளோடு வெளியே போய்விடும், 51 என்பது 25 ஆகிவிடும். எவ்வளவு நல்ல தூளானாலும் உடைந்த ஒரு இழை அதை வீணாக்கும்.

இரண்டாம் கட்டம் அதே வேலைதான். இன்னொரு 2.5 கிராம், இரும்பு பாதியளவு. உண்மையான ஆலையில் இரண்டாம் கட்டத்தில் பயன்பட்ட தூளை அடுத்த தொகுதியின் முதற் கட்டத்துக்குக் கொண்டுவருவது நல்லது. அது இன்னும் முழுக்க நிரம்பியிருக்காது.

ஸ்ட்ரொன்சியத்தைச் சுண்ணாம்போடு இறக்குதல்

சீசியத்தை முதலில் எடுத்ததற்குப் பீ.எச். ஒரு காரணம். இன்னொன்று உண்மைக் கழிவைக் கையாளுபவர்களுக்கானது. சீசியம்-137 காமாக் கதிரால் சுற்றியுள்ள எல்லோருக்கும் கதிரூட்டுவது, ஸ்ட்ரொன்சியம்-90 தருவது தூரம் போகாத பீற்றாக் கதிர். சீசியத்தை அகற்றிய பிறகு மற்றக் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்வது இலகு.

நீரில் உலர் சோடியம் காபனேற்று லீற்றருக்கு 2 கிராம், மொத்தம் 20 கிராம் கரைத்து விடுங்கள். பாதிக் கடல்நீரில் உள்ள கல்சியத்துக்கு லீற்றருக்கு 0.55 கிராம் போதும், மீதி ஸ்ட்ரொன்சியத்தை அமுக்கி இறக்குவதற்கான மிகை. பீ.எச். 9.8 முதல் 10.2 க்குள் நிற்கட்டும். 10.5 ஐத் தாண்டினால் மக்னீசியம் ஐதரொட்சைட்டு களியாக வரும். லீற்றருக்கு 660 மி.கி. மக்னீசியம் உள்ள நீர் அது, களி வந்தால் வடி நின்றுவிடும், சேறும் பல மடங்காகும்.

மக்னீசியம் இன்னொரு விதத்திலும் தலையிடுகிறது. கல்சியம் காபனேற்று கல்சைற்று என்ற பளிங்கு வடிவில் வளர்வதைத் தடுத்து, அரகோனைற்று என்ற இன்னொரு வடிவில் வளரவைக்கிறது. இது நமக்கு நல்லது. அரகோனைற்றின் அமைப்பும் ஸ்ட்ரொன்சியம் காபனேற்றின் அமைப்பும் ஒரே சாயல், ஸ்ட்ரொன்சியம் அதற்குள் இலகுவாக அமரும். ஆனால் வளர்ச்சி மந்தம். பத்து நிமிடத்தில் வடித்துவிட்டு "ஸ்ட்ரொன்சியம் இறங்கவில்லை" என்று சொல்லக்கூடாது. இரண்டு மணித்தியாலம் கலக்குங்கள். முந்தைய ஓட்டத்தின் சேற்றில் ஒரு பங்கை விதையாகப் போட்டால் வேகமாகும். பத்தில் ஒன்பது பங்கு இறங்குவதை இலக்காக வையுங்கள். குறைந்தால் பீ.எச்.ஐயும் நேரத்தையும் பாருங்கள், காபனேற்றைக் கூட்டுவது கடைசி.

இதற்கு வேறொரு வடித் தொகுதி வேண்டும். செலவைக் குறைக்க முன்னையதையே பயன்படுத்தினால், இழைகளில் ஒட்டியிருக்கும் பெரோசயனைட்டை இந்தக் கார நீர் கரைக்கும், நேற்றுப் பிடித்த சீசியம் இன்று வடித்த நீரில் வந்து நிற்கும். அளவீட்டில் சீசியம் திடீரென ஏறினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

கடைசியில் ஆர்.ஓ.

இப்போது நீரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாதாரண உப்பு, கொஞ்சம் ஸ்ட்ரொன்சியம், மிகச் சொற்பச் சீசியம். கல்சியம் போய்விட்டதால் மென்சவ்வில் சுண்ணாம்பு படியும் பயமும் குறைவு. ஐதான ஐதரோகுளோரிக்கு அமிலத்தால் பீ.எச்.ஐ 7 அளவுக்கு இறக்குங்கள். 1 மோல் செறிவென்றால் 10 லீற்றருக்கு 150 முதல் 200 மி.லீ. பிடிக்கும். நுரைக்கும், மெதுவாக விடுங்கள். வடித்த நீரில் கபிலச் சாயல் ஏதும் இருந்தால் அமிலம் தொடாதீர்கள், திரும்ப வடியுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைக் கழற்றி வந்து பூட்டுவது வழக்கமான பிழை. இந்த நீரின் பிரசாரண அமுக்கம் (நன்னீர் பிரிய முதலில் வெல்லவேண்டிய அமுக்கம்) ஏறத்தாழ 14 பார், வீட்டுப் பம்பி தருவதோ 5 முதல் 7 பார். ஒரு துளியும் வராது. உயரமுக்கப் பம்பி இல்லாதவர்கள் நீரை லீற்றருக்கு 2 கிராம் உப்புக்கு ஐதாக்கி, செயல்விளக்கமாக மட்டும் செய்யலாம்.

தட்டை மென்சவ்வுக் கலம், கடல்நீர் வகை மென்சவ்வு, பரப்பு 140 சதுர செ.மீ., அமுக்கம் 40 பார். முதலில் தூய நீரை அதே 40 பாரில், பாய்ச்சல் மாறாமல் நிலைக்கும் வரை ஓட்டுங்கள். புதிய மென்சவ்வு அமுங்கி இறுகும், அதற்கு முன் எடுத்த அளவீடு எதற்கும் உதவாது. அடுத்து லீற்றருக்கு 32 கிராம் சாதாரண உப்புக் கரைசல். 99 சதவீதம் தடுக்கவில்லையென்றால் இறப்பர் வளையத்தையும் மென்சவ்வின் மடிப்பையும் பாருங்கள். நீரில் குளோரீன் எள்ளளவும் இருக்கக்கூடாது. பொலியமைட்டு மென்சவ்வை அது அரித்துவிடும். சந்தேகமென்றால் 1 மி.கி. குளோரீனுக்கு 3 மி.கி. சோடியம் மெற்றாபைசல்பைற்று.

5 லீற்றரை மட்டும் எடுத்து 2.5 லீற்றர் நன்னீர் வரும்வரை ஓட்டுங்கள். ஏறத்தாழ 10 மணித்தியாலம் ஆகும். மீட்பு கூடக்கூட மிச்ச நீரின் பிரசாரண அமுக்கம் 28, 29 பாருக்கு ஏறி, பாய்ச்சல் பாதிக்குக் கீழே போகும். யாழ்ப்பாணத்து வெயிலில் இன்னொன்று: பம்பி சுற்றிவிடும் நீர் சூடாகும். ஒரு பாகைக்குப் பாய்ச்சல் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும், உப்புக் கடப்பதும் கூடும். காலையில் எடுத்த அளவையும் பிற்பகல் எடுத்த அளவையும் வெப்பநிலை எழுதாமல் ஒப்பிடுவது பயனில்லை. தொட்டிக்குள் குளிர்நீர்ச் சுருள் வைத்து 30 பாகையில் நிறுத்துங்கள்.

உண்மைக் கழிவில், ஆர்.ஓ. எவ்வளவு நன்றாக ஓடினாலும் திரைத்தியம் (கதிர்த்தொழிற்பாடுள்ள ஐதரசன்) நன்னீரோடு வந்துவிடும். அது நீர் மூலக்கூறுக்குள்ளேயே ஐதரசனின் இடத்தில் இருக்கிறது, தண்ணீரைத் தண்ணீரிலிருந்து வடிக்க முடியாது. புகுஷிமாவில் 62 வகைச் சமதானிகளை அகற்ற அமைத்த தொகுதியும் திரைத்தியத்தைத் தொடவில்லை. 2023 ஆகஸ்ட் 24 முதல் அந்த நீரைக் கடல்நீரால் லீற்றருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே ஐதாக்கி வெளியேற்றுகிறார்கள். திரைத்தியத்தையும் நீக்கும் என்று யாராவது ஒரு வடியை விற்க வந்தால், நம்பாதீர்கள்.

அளத்தல்

ஒவ்வொரு கட்டத்திலும் முன், பின், மிச்சம் என மூன்று மாதிரி. முதலில் 0.1 மைக்கிரோமீற்றர் ஊசிவடியால் வடித்து, அதன் பின்னரே நைத்திரிக்கு அமிலம் விட்டுப் பீ.எச். 2 க்குக் கீழே இறக்குங்கள். ஒழுங்கை மாற்றினால் தூள் அமிலத்துக்குள் போய்விடும். நழுவிய தூளை அறிய, வடிக்காத மாதிரி ஒன்றைத் தனியே வையுங்கள்.

அணு உறிஞ்சல் மானியைச் சுவாலை வெளிவிடல் முறையில் வைத்து சீசியத்தை 852.1 நனோமீற்றரில் அளக்கலாம். ஸ்ட்ரொன்சியம் 460.7, கோபாற்று 240.7. சீசியத்துக்கும் ஸ்ட்ரொன்சியத்துக்கும் பொற்றாசியம் குளோரைட்டுச் சேர்த்து அயனாக்கத்தை அடக்கவேண்டும். நியமக் கரைசல்களை வெறும் நீரில் செய்யாதீர்கள், மாதிரியில் உள்ள அதே உப்பளவில் செய்யுங்கள். உப்பில்லாத நியமத்தோடு உப்புநீரை ஒப்பிட்டுத்தான் பல ஆய்வறிக்கைகளில் நம்பமுடியாத விளைவு வருகிறது. இரண்டாம் கட்டத்துக்குப் பின் சீசியம் 1, 2 மைக்கிரோகிராமுக்கு இறங்கியிருக்கலாம், சுவாலைக்கு அது எட்டாது. அப்போது பூச்சியம் என்று எழுதக்கூடாது. சீசியம் சேர்க்காத பத்து வெற்று மாதிரியின் நியம விலகலை மூன்றால் பெருக்கி, அதைக் கண்டறிதல் எல்லையாக எடுத்து, "இத்தனை மடங்குக்கு மேல்" என்று எழுதுங்கள்.

போட்ட சீசியம் முழுவதும் நீர், தூள், கழுவிய நீர் என்று எங்கேயாவது கணக்கில் வரவேண்டும். 95 முதல் 105 சதவீதத்துக்குள் கூட்டுத்தொகை வராவிட்டால் அகற்றல் எண்ணை வெளியிடாதீர்கள். கோபாற்று பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டும், வாளியை ஐதான அமிலத்தால் கழுவி அதையும் கூட்டுங்கள்.

கழுவலும் கழிவும்

ஆர்.ஓ. மென்சவ்வை 2 சதவீதச் சித்திரிக்கு அமிலத்தால் கழுவலாம், அழுக்குப் பசைக்கு 0.1 சதவீதச் சோடியம் ஐதரொட்சைட்டு. தூள் பிடித்த பொள்ளிழை வடிக்கு இந்த இரண்டும் நேரடியாக வேண்டாம். அமிலத்தின் ஆபத்தை மேலே சொன்னோம், காரம் சீசியத்தை விடுவிக்கும். முதலில் வடித்த நீரால் பல தடவை பின்கழுவி, தூள் முழுவதையும் சேற்று வாளிக்குள் இறக்குங்கள். அதன் பின்னும் அடைப்பு இருந்தால், குளிர்ந்த ஐதான சித்திரிக்கு அமிலம், புகை உறிஞ்சும் பெட்டிக்குள். கழுவிய நீர் கழிவு நீரேயன்றிச் சாக்கடை நீர் அல்ல, முதற் கட்டத் தொட்டிக்கே திரும்பவேண்டும்.

உண்மையான கழிவில் இந்தச் சேறு இன்னொரு கவனத்தையும் கேட்கும். கதிர் படும் ஈரச் சேற்றில் நீர் பிரிந்து ஐதரசன் வரும். இறுக மூடிய பாத்திரத்தில் வைக்கவே கூடாது, காற்று வெளியேற வழி இருக்கவேண்டும்.

நமது மாதிரியில் கதிர் இல்லை, ஆனால் செப்பும் கோபாற்றும் பெரோசயனைட்டும் இருக்கின்றன. கிணற்றடியிலோ மலக்குழியிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிபட நேரமில்லாமல் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். கபிலச் சேற்றையும் சுண்ணாம்புச் சேற்றையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் போத்தல்களில், உள்ளே என்ன, எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டக்கூடாது, காரம் தூளைக் கரைக்கும். ஆர்.ஓ. மிச்ச உவர்நீரை அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிடலாம். பங்குனி முதல் ஆவணி வரை சில நாளில் உப்பாகிவிடும். மாரியில் தொடங்காதீர்கள். வற்றிய உப்பையும் பெயரிட்டு மூடி, ஆய்வுகூடத்தின் இரசாயனக் கழிவோடு சேர்த்து ஒப்படையுங்கள்.